பெயர் ஓரிடம், புனைபெயர் வேறிடம்

கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல் அமைப்பான ஸ்டாசியில், ரகசியத் தகவலாளி ஒருவருக்குக் கோப்பு திறக்க முதலில் பதிவேடுகளைக் கவனித்த பன்னிரண்டாம் துறையில் பதிவு எண் வாங்க வேண்டியிருந்தது. ரோமன் எண்ணில் பதிவான இடம், பிறகு வரிசை எண், ஆண்டு.

எஃப்16 அட்டையில் உண்மைப் பெயர், பிறந்த தேதி, பதிவு எண். அட்டையில் உள்ளவர் வேவு பார்த்தவரா, வேவு பார்க்கப்பட்டவரா என்பது அதில் தெரியாது. எஃப்22 அட்டையில் அதே எண்ணும் புனைபெயரும் உண்டு, உண்மைப் பெயர் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் வெளிப்படுவார். அசாத்தியமான ஏற்பாடு, அதனாலேயே அச்சமூட்டுவது.

எஃப்16 ஒலிப்பு வரிசையில் அடுக்கப்பட்டது. 'மையர்' என்ற பெயருக்கு ஜெர்மனில் பல எழுத்துக்கூட்டல். வெறும் அகரவரிசையில் வைத்தால் ஆள் தொலைந்துபோவார்.

கடைசி மாதங்களில் ஸ்டாசி கிழித்த தாள்கள் 15,000 மூட்டைகளுக்கு மேல். அட்டைகளில் பெரும்பகுதி தப்பியதால்தான் 1992 முதல் மக்கள் தங்கள் கோப்பைத் தேடிப் படிக்க முடிந்தது.