நாலாவது திங்கட்கிழமை

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருக்கிறேன். போன வருடம் சின்னக் கிராணி வேலைக்கு ஆள் தேடி அலைந்து, கடைசியில் தெரிந்த பையன் ஒருவனையே பேசிப் பிடித்துச் சேர்த்துவிட்டேன். எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்தவன், கணக்கில் கெட்டி. மூன்றே வாரம். நாலாவது திங்கட்கிழமை பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஆளைக் காணோம், எட்டு மணிக்கு வாட்சாப்பில், "அண்ணே, மன்னிச்சிருங்க, எனக்கு ஒத்துவரல" என்று ஒரே வரி.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. 2013-இல் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று வந்தபோது தோட்டத்தில் அதை எத்தனை பேர் வாய்பிளந்து கேட்டார்கள் என்று பார்த்தவன் நான். இப்போது அது 1,700. அதற்கு மேல் முதலாளி போடும் 13 விழுக்காடு இபிஎஃப் சேமநிதி, விபத்துக்குக் கைகொடுக்கும் சொக்சோ காப்புறுதி, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. இதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறான்?

சாயங்காலம் நேரே அவன் வீட்டுக்கே போனேன். டவுன் ஓரத்தில் குறைந்த விலை அடுக்குமாடி, மூன்றாவது மாடி. அவன் அம்மாவின் பழைய தையல் மெஷின் மேசையில்தான் மடிக்கணினி இருந்தது, கால் மிதிக்கும் கட்டையை ஆட்டிக்கொண்டே கிள்ளானில் புடவை விற்கும் யாருக்கோ வீடியோ வெட்டிக்கொண்டிருந்தான். துண்டுக்கு இவ்வளவு என்று காசு. ஒரு மாதம் 2,400 வரும், இன்னொரு மாதம் 600-கூட வராது, அப்போது ராத்திரி மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பானாம்.

"இது ரப்பர் பால் எடைக்குக் கூலி வாங்கின கதைதானேடா, மழை பெஞ்சா காசு இல்ல" என்றேன்.

சிரித்தான். "சரிண்ணே, அப்பா பார்த்தது நிரந்தர வேலைதானே?"

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் அப்பா வேலை பார்த்த தோட்டத்தில்தான் நானும் முதலில் சேர்ந்தேன். வீடமைப்புத் திட்டத்துக்காக அதை விற்றபோது இவன் கைக்குழந்தை. வேலையோடு வந்த லயத்து வீடு, வேலை போனதும் போய்விட்டது. 1980-ஆம் ஆண்டு பணிநீக்க இழப்பீட்டு விதிமுறைப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு வருடத்துக்கு 20 நாள் கூலி, அதைப் பெயர் பெயராகக் கணக்குப் போட்டவன் நான். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். அவன் அப்பா அதை வாங்கி, படிக்கத் தெரியாமல், "என்ன தம்பி போட்டிருக்கு?" என்று என்னிடமே கேட்டார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்காது என்று சாப்பாட்டுக் கடையில் பெரியவர்கள் பேசும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது ஆட்டுவதில்லை. அதற்காக அவன் செய்வது சரி என்றும் சொல்லமாட்டேன், போன நவம்பர் மழையில் சாப்பாட்டுப் பையோடு சறுக்கி விழுந்து கை எலும்பு விரிசல், ஐந்து வாரம் ஒரு காசு இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் வழியில் விழுந்திருந்தால் சொக்சோ படிவத்தை நானே நிரப்பியிருப்பேன். சொந்தமாகச் சம்பாதிப்பவர்களுக்கும் பாதுகாப்பு கொடுக்க 2017-லேயே சட்டம் வந்துவிட்டது, ராத்திரியெல்லாம் இணையத்தில் கிடக்கும் இவனுக்கு அது தெரியவில்லை. பார்க்கப் போனபோது நான்தான் சொன்னேன்; கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையாலேயே கைப்பேசியில் அதற்குப் பதிந்தான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் கிளம்பும்போது, "அந்த வேலைக்கு ஆள் கிடைச்சாச்சா அண்ணே?" என்றான்.

"இன்னும் இல்ல. ஏன், வர்றியா?"

"இல்லண்ணே," என்று அடுப்படிப் பக்கம் பார்த்தான். "அம்மா கேக்கச் சொன்னாங்க."