எண்பதில் போன வேன்

ஓந்தாச்சிமடம் தாண்டியதும் கல்முனை வேன் சாரதியின் தொலைபேசி அலறியது. "என்ன மனே, எண்பதில போறாய் போல?" வீட்டிலிருந்தபடியே கேட்டவர் வண்டிச் சொந்தக்காரர்.

சாரதி மறுபேச்சின்றி வேகத்தைக் குறைத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவிலான கறுப்பு ஜி.பி.எஸ். கருவியொன்றில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டே அழைப்பை எடுத்ததை அது கண்டுகொள்ளவில்லை என்பது வேறு கதை.

எல்லா வாகனங்களிலும் இப்படியொரு கருவியைக் கட்டாயமாக்கலாமா என்று கேட்டால், முதலாளி தன் வண்டியைக் கவனிப்பது ஒன்று, அரசாங்கம் எல்லாருடைய கார்களையும் கவனிப்பது இன்னொன்று.

ஜி.பி.எஸ். செய்மதிச் சமிக்ஞைகளைக் கொண்டு இடத்தைக் கணிப்பதோடு சரி. அதை வெளியே அனுப்புவது கருவிக்குள் இருக்கும் சிம் அட்டை என்பதால், எப்போது, யாருக்கு அனுப்பலாம் என்பதைச் சட்டத்தால் வரையறுக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் புதிய கார் மாதிரிகளுக்குக் கட்டாயமாக்கிய ஈகோல் (eCall) என்ற அவசர அழைப்பு முறை, வழமையான ஓட்டத்தில் எவரையும் பின்தொடர்வதில்லை. பாரிய மோதல் நேர்ந்தால் தானாகவே அங்குள்ள அவசர இலக்கமான 112ஐ அழைத்து இடத்தைச் சொல்கிறது.

சோதனைச் சாவடிகளில் எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று பதில் சொல்லியே வளர்ந்த எங்கள் ஊரில், தனியார் காரின் ஒவ்வொரு திருப்பமும் ஓர் அலுவலகத்தில் பதிவாவதை நான் ஏற்கமாட்டேன்.

கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றும் வாகனங்களில் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. கொழும்பிலிருந்து ஹபரணை வழியாக இரவிரவாக வரும் பேருந்தில் பயணிகள் நித்திரையாகிக் கிடக்கும்போது சாரதியின் வேகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் அந்தப் பதிவு முதலாளியின் கைபேசியோடு நின்றுவிடாமல் நீதிமன்றத்துக்கும் கிடைக்க வேண்டும்.