சலூன் பெட்டியைச் சுமந்து ஓடிய நீராவி எஞ்சின்கள்

தண்டவாளத்தைச் சோதிக்கப் புறப்படும் அதிகாரிக்குப் பாதை நன்றாகத் தெரிய வேண்டும். நினைத்த இடத்தில் வண்டி நிற்கவும் வேண்டும். நீராவி எஞ்சினிலோ முன்பக்கம் முழுவதையும் கொதிகலன் அடைத்துக்கொள்கிறது. ஆளை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் இந்தச் சோதனை எஞ்சின்களின் அடிப்படைச் சிக்கல்.

அமெரிக்கர்கள் கொதிகலன் மேலேயே பயணிகள் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். பெரும்பாலும் பழைய 4-4-0 எஞ்சின்களைத்தான் (முன்னால் 4 சிறு சக்கரம், நடுவே 4 இழுக்கும் சக்கரம், பின்னால் எதுவுமில்லை) இப்படி மாற்றினார்கள். முன் ஜன்னலில் பாதை முழுசாகத் தெரியும். ஆனால் கொதிகலன் சூடு உள்ளேதான் இறங்கும். 1889-இல் பால்ட்வின் என்ற எஞ்சின் தொழிற்சாலை கட்டிய ரெடிங் ரயில்வேயின் 'பிளாக் டயமண்ட்' இன்றும் செயின்ட் லூயிஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இங்கிலாந்தில் லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைமை எஞ்சின் பொறியாளர் டுகால்ட் டிரம்மண்ட் 1899-இல் தன் சொந்த உபயோகத்துக்குக் கட்டிய 'பக்' வேறு வழி. எஞ்சினுக்குப் பின்னால், அதே சட்டத்தின் மேல் சலூன், அதாவது அதிகாரி உட்காரும் அறை. உட்கார வசதிதான், ஆனால் எஞ்சின் முன்னே ஓடும்போது எதிரே வரும் பாதை மறைந்துவிடும். சோதனை என்ற வேலைக்கு அமெரிக்க முறையே மேல் என்பேன்.

'பக்'கின் சக்கர அமைப்பு 4-2-4. இழுக்கும் அச்சு ஒன்றே ஒன்று. வேறு பெட்டி இழுக்காத வண்டிக்கு அது போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 டன் வண்டிக்கு, ஓட்டத் தடை டன்னுக்கு 5 கிலோ என்றால், சமதளத்தில் 200 கிலோ இழுவிசை, 100-க்கு 1 ஏற்றத்தில் இன்னும் 400. இழுக்கும் அச்சில் 10 டன் எடை இருந்தால் காய்ந்த தண்டவாளத்தில் சுமார் 2,500 கிலோ வரை பிடிமானம் கிடைக்கும். ஈரத்தில் பாதிக்கும் கீழே போகும், எண்ணெய் பட்டால் இன்னும் மோசம். அப்போது ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வை) சட்டென்று திறந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மணல் போட்டு மெதுவாக எடுக்க வேண்டும்.

உண்மையான தொல்லை அடிக்கடி நிற்பதுதான். பாலத்தடியில் அரை மணி நின்றால் நெருப்பு தணியாமல் பிரஷர் ஏறி சேஃப்டி வால்வு சீறும். அதனால் நிற்கும் இடம் நெருங்கும்போதே ஃபயர்மேன் நெருப்பை மெலிதாக்கி, கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கேஜ் கண்ணாடியில் தண்ணீரைப் பாதிக்கு விட்டுவைப்பார். நின்றபின் நெருப்புக்குக் காற்று விடும் டேம்பரை மூடி, கொதிகலனுக்குள் நீர் செலுத்தும் இன்ஜெக்டரால் குளிர்ந்த நீரை ஏற்றினால் பிரஷர் அடங்கும். தண்ணீர் ஏற்கெனவே உச்சியில் இருந்தால் இதற்கு இடமிராது.

இதற்குள் சிலிண்டர் ஆறிப்போயிருக்கும். உள்ளே புகும் நீராவி நீராக மாறும். நீர் அமுங்காது. சிலிண்டர் நீரை வெளியேற்றும் குழாயான டிரெயின் காக்கைத் திறக்காமல் கிளப்பினால் பிஸ்டன் அந்த நீரை இடித்து சிலிண்டர் மூடியே உடையலாம். முதல் சில சுற்றுகளுக்குத் திறந்தே ஓட்ட வேண்டும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த நீராவி பாதையை மறைக்கும். அது விலகும்வரை அவர்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.