ஃபார்மலின் டப்பாவில் வந்த மூன்று துண்டுகள்

திசு பரிசோதனைக்கு என் மேசைக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. கொழுப்புக் கட்டி, நீர்க்கட்டி, இப்படி. அந்த டப்பாவும் அப்படித்தான் வந்தது. 'முழங்கால் பின்புறம் நீர்க்கட்டி, 4 வருடம்' என்று ஸ்லிப்பில் எழுதியிருந்தது. இருபதைத் தாண்டிய பையன். ஃபார்மலினில் மூன்று துண்டுகள் கிடந்தன.

நீர்க்கட்டி என்றால் கத்தி பட்டதும் ஜெல்லி மாதிரி வழியும். இது வழியவில்லை. வெளுப்பாக, மீன் சதை போல இருந்தது. ஒரு மூலையில் கத்தி நறநறத்தது, சுண்ணாம்பு படிந்திருக்கிறது. அப்போதே மனசு கனத்துவிட்டது.

ஸ்லைடில், நடுவில் பருத்து இருமுனையும் கூம்பிய கதிர் வடிவ செல்கள் நெருக்கியடித்து நின்றன, நடுநடுவே சுரப்பி போன்ற குழிகள். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் முதலில் நினைக்க வேண்டியது சைனோவியல் சார்கோமா என்ற மென்திசுப் புற்றுநோய். பெயரை நம்பக் கூடாது. மூட்டின் உள்சவ்வான சைனோவியத்திலிருந்து இது பிறப்பதில்லை. மூட்டுக்குப் பக்கத்தில் அடிக்கடி வருவதால் ஒட்டிக்கொண்ட பெயர். நுரையீரலில்கூட வரும். இதன் உண்மையான அடையாளம் மரபணுவில் இருக்கிறது. எக்ஸ் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் உடைந்து மாறி ஒட்டிக்கொள்ள, எஸ்எஸ்18 என்ற மரபணு எஸ்எஸ்எக்ஸ் மரபணுவோடு இணைந்துவிடுகிறது. அதிலிருந்து உருவாகும் புரதம்தான் செல்லைத் தடம்புரள வைக்கிறது. டிஎல்இ1 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் அழுத்தமாக ஏறினால் சந்தேகம் வலுக்கும். மரபணுவை ஒளிரவைத்துப் பார்க்கும் ஃபிஷ் (FISH) பரிசோதனையில் எஸ்எஸ்18 உடைந்திருப்பது தெரிந்தால் உறுதி. எங்களிடம் அந்த வசதி கிடையாது. மெழுகில் பதித்த திசுவான பிளாக்குகளைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வாங்கிப்போகப் பையனின் அம்மாதான் வந்தார். "நாலு வருஷமா அப்படியேதான் இருந்துச்சு டாக்டரம்மா. கேன்சர்னா கடகடன்னு வளராதா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. டாக்டர்களே அப்படித்தான் நினைத்துவிடுகிறோம். இந்தக் கட்டி வருடக்கணக்கில் மெதுவாக வளரும், பெரும்பாலும் இளவயதுக்காரர்களுக்கு வரும். அதனாலேயே ஏமாற்றிவிடுகிறது. "நீங்க ஒண்ணும் விட்டுடலம்மா," என்றேன். பிளாக்கில் இருப்பது மெழுகு. வெயில் பட்டால் இளகிவிடும், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள் என்றும் சொன்னேன். அவர் அதை டவலில் சுற்றி, பைக்குள் தண்ணீர் பாட்டிலை ஒட்டினாற்போல் வைத்தார். வைத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தார்.

எனக்கு ஆறாதது அந்த மூன்று துண்டுகள்தான். முழுதாக, சுற்றிலும் நல்ல திசுவோடு வந்திருந்தால் ஓரத்தில் மை பூசி, கட்டி எதுவரை போயிருக்கிறது என்று அளந்து சொல்லியிருப்பேன். துண்டு துண்டாக வந்ததில் எது ஓரம், எது நடு? வெட்டிய இடமெல்லாம் செல்கள் சிந்தியிருக்கலாம். அந்தத் தழும்போடு சேர்த்து இன்னும் அகலமாக வெட்டியெடுக்க வேண்டும், அப்புறம் கதிர்வீச்சு. முதலிலேயே ஒரு எம்ஆர்ஐ, ஒரு ஊசி பயாப்ஸி செய்திருந்தால் அந்தக் கால் இவ்வளவு பட்டிருக்காது. 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, தசையுறைக்கு அடியில் ஆழமாக இருந்தாலோ, வளர்ந்துகொண்டிருந்தாலோ கத்தி வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். கையிலும் பாதத்திலும் வருவது சின்னதாகவே இருக்கும், அளவை மட்டும் பார்த்து விட்டுவிடவும் முடியாது.

ஆபரேஷன் செய்தவருக்கு போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஸ்கேன் எடுத்திருக்கணும் மேடம்," என்றார்.

பையனுக்கு மறு ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்துவிட்டன. இது பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகும், பத்து வருடம் கழித்தும் திரும்பி வரலாம். அதனால் நெஞ்சு சிடி ஸ்கேன் தொடர்கிறது. ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் அந்த அம்மா ஆய்வகத்துக்கு போன் செய்கிறார். நான் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுத்தான் பேசுவேன்.