கழுத்து சுளுக்குனதுல வந்த சைக்கிள் கண்ணாடி

போன வருஷம் ஒரு நாள் காலைல எழுந்திரிச்சா கழுத்து சுளுக்கிக்கிச்சு, இடது பக்கம் கொஞ்சம் திரும்புது, வலது பக்கம் சுத்தமா திரும்பல. சரி போயிரும்னு சைக்கிள எடுத்துட்டு கெளம்பிட்டேன். அப்பதான் தெரிஞ்சுது ஒரு நாளைக்கு எத்தன தடவ தலைய திருப்பி பின்னாடி பாக்குறேன்னு. குழி வந்தா ஒரு தடவ, ஓரமா நிக்கிற கார தாண்டணும்னா ஒரு தடவ, வலது பக்கம் வளையணும்னா ரெண்டு மூணு தடவ. அன்னிக்கு ஒவ்வொரு எடத்துலயும் நின்னு, ஒரு கால ஊணி, ரோபோ மாதிரி உடம்போட சேத்து திரும்பி பாத்து பாத்து போனேன். ரெண்டு வாரம் இழுத்துச்சு அந்த சுளுக்கு.

கண்ணாடி வாங்கணும்னு தோணுனது அப்பதான். அதுவரைக்கும் சைக்கிள்ல கண்ணாடி மாட்டுறவங்கள பாத்தா எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சிரிப்பு வரும், ஒத்துக்குறேன். ஆனா கணக்கு போட்டு பாருங்க, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு செகண்டுக்கு அஞ்சரை மீட்டர் போறோம், அதாவது ஒரு செகண்ட் தலைய திருப்பினா ஒரு கார் நீளத்துக்கு மேல முன்னாடி பாக்காமயே போயிட்டு இருக்கோம். அது பத்தாதுன்னு தலை எந்தப் பக்கம் திரும்புதோ ஹேண்டிலும் லேசா அந்தப் பக்கமே இழுக்கும், வண்டி வர்ற பக்கம்தான் அது.

முதல்ல வாங்கினது பெரிய வட்டக் கண்ணாடி, நீளமா ஒரு கம்பி, அடியில கிளாம்ப். பெருசா இருந்தா நல்லா தெரியும்னு நெனச்சது என் முட்டாள்தனம். வீட்டு வாசல்ல நிக்கும்போது எல்லாம் அழகா தெரிஞ்சுது. ரோட்டுல ஏறினதும் உள்ள இருக்கிற உருவம் எல்லாம் தண்ணிக்குள்ள பாத்த மாதிரி கலங்கிருச்சு. வருது ஏதோ ஒண்ணு, லாரியா ஆட்டோவா மாடா தெரியல. கம்பி எவ்ளோ நீளமோ அவ்ளோ ஆடும், அதோட கண்ணாடிக்கு இன்னொரு குணம் இருக்கு, அது 1 டிகிரி அசைஞ்சா உள்ள தெரியிற காட்சி 2 டிகிரி அசையும். 30 மீட்டர் பின்னாடி இருக்கிற வண்டி 1 மீட்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தாவுற மாதிரி தெரியும், கண்ணுக்கு அத புடிக்க முடியாது. அதனால நீங்க வாங்கும்போது கண்ணாடி சைஸ அப்புறம் பாருங்க, முதல்ல கம்பி எவ்ளோ குட்டையா இருக்கு, மூட்டு எவ்ளோ இறுக்கமா இருக்குன்னு பாருங்க, விரலால தட்டினா சட்டுன்னு அடங்கணும், டிங் டிங்னு ஆடிட்டே இருந்தா வேணாம்.

அடுத்த விஷயம் கண்ணாடி தட்டையா, இல்ல நடுவுல வெளிப்பக்கமா உப்பின குவியான்னு. ஸ்கூல்ல குவியாடி படிச்சப்ப இது வாழ்க்கைக்கு உதவும்னு யாரு நெனச்சா. குவியாடில அகலமா தெரியும், ஆனா எல்லாமே சின்னதா தெரியும், சின்னதா தெரிஞ்சா மூளை தூரமா இருக்குன்னு எடுத்துக்கும். எவ்ளோ ஏமாத்தும்னு ஒரு நாள் பேப்பர்ல போட்டு பாத்தேன். வளைவு ஆரம் 600 மிமீ, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல 70 செமீன்னு வச்சா, 20 மீட்டர் பின்னாடி இருக்கிற கார், கிட்டத்தட்ட 70 மீட்டர்ல இருக்கிற சைஸுக்குதான் தெரியுது. மூணு மடங்குக்கு மேல! கார் 60ல வருது நாம 20ல போறோம்னா வித்தியாசம் 40, அதாவது செகண்டுக்கு 11 மீட்டர். 70 மீட்டர்னா ஆறு செகண்ட் இருக்குன்னு நெனப்போம், நெசத்துல ரெண்டு செகண்ட் கூட இல்ல. கார்ல இருக்கிற பக்கவாட்டு கண்ணாடிலயும் இதே வேலைதான், ஆனா சைக்கிள் கண்ணாடி சின்னது, அதனால வளைவு இன்னும் அதிகமா வச்சுருவாங்க.

இன்னொண்ணும் இருக்கு, இத யாரும் எனக்கு சொல்லல. எனக்கு நாப்பத தாண்டிருச்சு, கிட்டத்துல பாக்க மூக்குக் கண்ணாடி போடணும். தட்டையான கண்ணாடில தெரியிற கார் கண்ணுக்கு தூரத்துல இருக்கிற கார் மாதிரியேதான், கண்ணு தூரப் பார்வையிலேயே இருக்கும், ஒண்ணும் மாத்த வேணாம். குவியாடில உருவம் கண்ணாடிக்கு ஒரு சாண் ரெண்டு சாண் பின்னாடியே நிக்கும், அப்ப என் கண்ணு கைக்கெட்டுற தூரத்துக்கு ஃபோகஸ் மாத்தணும், அது வயசான கண்ணுக்கு மக்கர் பண்ணுற வேலை. மங்கலா தெரியுதுன்னு நான் சைக்கிள் கண்ணாடிய தொடச்சு தொடச்சு பாத்தேன், தப்பு என் கண்ணுல இருந்துருக்கு. வாங்கினது தட்டையா குவியான்னு சந்தேகம்னா ஒரு ஸ்கேல கண்ணாடி ஓரத்துல குறுக்க புடிச்சு பாருங்க, உள்ள இருக்கிற ஸ்கேல் வளைஞ்சு தெரிஞ்சா குவி.

நடுவுல ஒரு தோழி ஹெல்மெட்ல மாட்டுற கண்ணாடிய குடுத்து, இத போட்டு பாருடி, ஒரு வாரத்துல பழகிரும்னா. கட்டை விரல் நகத்த விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். ஆனா கண்ணுக்கு பக்கத்துலயே இருக்கிறதால நெறைய தெரியுது, தட்டையானதுதான், தலைய இம்மி திருப்பினா ரோட்டோட இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் துழாவலாம், ஹேண்டில் அதிர்வும் கெடையாது. நெசமா சொல்லணும்னா பார்வை விஷயத்துல இதுதான் பெஸ்ட். எனக்கு ஒத்து வரல. ஒரு கண்ணு பின்னாடி பாக்க இன்னொரு கண்ணு முன்னாடி பாக்க, நாலு நாள் தலைவலி. ஹெல்மெட் வாரு கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடில என் காதுதான் தெரியும். பழகினவங்க இது இல்லாம வண்டி எடுக்க மாட்டாங்க, அது வேற. இத மாட்டுறவங்க ஹெல்மெட்ல ஓட்ட மட்டும் போட்டுறாதீங்க, ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்போ, இடுக்குல கோத்துக் கட்டுற பிளாஸ்டிக் டையோ போதும். கீழ விழுந்தா கம்பி தானா கழண்டு வர்ற மாதிரி இருக்கணும், கண்ணுக்கு அவ்ளோ பக்கத்துல இருக்கு பாருங்க.

கடைசில நின்னது ஹேண்டில்பார் முனையில சொருகுற வகை, குட்டை கை, தட்டை கண்ணாடி. எந்தப் பக்கம்னு கேட்டா, வண்டிங்க உங்கள முந்திப் போற பக்கம். இடது பக்கமா போற நாட்டுல வலது கைக்கு, வலது பக்கமா போற நாட்டுல இடது கைக்கு. ரெண்டு பக்கமும் வேணுமான்னா எனக்கு ஒண்ணே போதும்.

மாட்டுறதுல என்ன பெருசா இருக்குன்னு நெனச்சு ஒரு ஞாயித்துக்கிழமைய தொலைச்சேன். நேரா இருக்கிற ஹேண்டில்பார்ல கிரிப் ஏறுற எடத்துல வெளி அளவு 22.2 மிமீ, அது எல்லாத்துக்கும் ஒண்ணுதான். ஆனா சொருகுறது உள்ள, உள்ளளவு குழாயோட கனத்த பொறுத்து மாறும், கம்பெனிக்கு கம்பெனி வேற. அதனால ரெண்டு மூணு சைஸ் ரப்பர் கூட வர்றதா பாத்து வாங்குங்க. வளைஞ்ச ரேஸ் ஹேண்டில்னா வெளி அளவே 23.8 மிமீ, கிளாம்ப் வகை வாங்குறவங்க அத பாக்கணும். கார்பன் ஹேண்டில்பாரா இருந்தா இந்த உள்ள ரப்பர் உப்பி இறுக்குற சமாச்சாரத்த, ஹேண்டில் செஞ்ச கம்பெனி சரின்னு சொன்னா மட்டும் போடுங்க, உள்ளேருந்து நெம்பினா கார்பன் விரிசல் விடும்.

என் கிரிப் முனை மூடின ரப்பர். பிளேடால அறுத்தா கோணல் மாணலா வந்து அசிங்கமா இருக்கும்னு பயம். இதுக்கு ஒரு வழி இருக்கு. கிரிப் நுனிய ஹேண்டில் குழாய் விளிம்பு வரைக்கும் நல்லா தள்ளி, சின்ன சுத்தியலால விளிம்ப சுத்தி டொக் டொக்னு மெதுவா தட்டிட்டே வந்தா, குழாயோட விளிம்பே கத்தி மாதிரி ரப்பர அறுத்துரும். அழகா ஒரு ரூபா காசு மாதிரி வட்டமா ஒரு ரப்பர் துண்டு கழண்டு கைல வந்துச்சு, அத இன்னும் டப்பால வச்சிருக்கேன், எதுக்குன்னு தெரியல.

அப்புறம் ரப்பர உள்ள சொருகி அலன் கீயால (எல் மாதிரி வளைஞ்ச ஆறு மூலை சாவி) போல்ட்ட திருகுனா உள்ள ஒரு ஆப்பு பின்னாடி இழுக்கும், ரப்பர் உப்பி குழாய இறுக்கிக்கும். வேல இவ்ளோதான். ஆனா கடைசி கால் சுத்து திருகும்போது கண்ணாடியோட கையும் சேந்து சுத்தும்! சரியா வச்சு டைட் பண்ணி முடிச்சா அது வானத்த பாக்குது. மூணு தடவ கழட்டி மாட்டினதுக்கு அப்புறம்தான் புத்தி வந்துச்சு, கொஞ்சம் பின்னாடி தள்ளி வச்சு திருகினா கடைசி சுத்துல தானா எடத்துக்கு வந்து நிக்கும். குழாய்க்குள்ள எண்ணெய் பிசுக்கு இருந்தா முதல்ல துணிய விட்டு தொடச்சிருங்க, இல்லன்னா எவ்ளோ டைட் பண்ணாலும் வழுக்கும்.

கோணம் வைக்கிறதுக்கு பொண்ண கூப்பிட்டேன். நான் சீட்ல ஓட்டுற மாதிரியே குனிஞ்சு உக்காந்து ஒரு கையால செவத்த புடிச்சுக்கிட்டேன் (நின்னுட்டு வச்சா மறுபடி தப்பாதான் வரும், தலை இருக்கிற எடமே வேற). அவ பின்னாடி நடக்க ஆரம்பிச்சா.

"அம்மா, தெரியறனா?"

"தெரியல, என் முழங்கைதான் தெரியுது."

கண்ணாடிய கொஞ்சம் கீழ, கொஞ்சம் வெளிய தள்ளினேன். முழங்கை போச்சு, இப்ப முட்டி தெரியுது. இன்னும் கொஞ்சம் வெளிய. உள் ஓரத்துல என் இடுப்பு ஒரு நூல் அளவு தெரியிற மாதிரி வச்சேன், அது தெரிஞ்சாதான் மத்ததெல்லாம் எங்க இருக்குன்னு ஒரு கணக்கு கெடைக்கும். ரோடு முடிஞ்சு வானம் ஆரம்பிக்கிற கோடு மேல மூணுல ஒரு பங்குல. அவள தூரத்துல இருந்து பக்கத்துல நடந்து வரச் சொன்னேன், தெரியுது தெரியுது தெரியுதுன்னு சொல்லிட்டே இருந்தேன், பின் சக்கரத்துக்கு பக்கவாட்டுல வந்ததும் டப்புன்னு காணோம். கூப்பிட்டா, என் தோளுக்கு பக்கத்துல இருந்து "இங்கதாம்மா நிக்கிறேன்"ங்கறா. பைக்கே நிக்கலாம் அந்த எடத்துல, கண்ணாடில ஒண்ணும் தெரியாது.

அன்னிக்குல இருந்து கண்ணாடி வண்டி வருதுன்னு காட்டினா அப்படியே நம்பிருவேன், நகர மாட்டேன். ஒண்ணும் இல்லன்னு காட்டினா நம்பாம தோளுக்கு மேல ஒரு பார்வ பாத்துட்டுதான் வளைவேன். அந்த ஒரு பார்வைய எப்ப பாக்கணும்னு கண்ணாடி சொல்லுது, அதுல பத்துக்கு ஆறு தடவையாவது கழுத்து மிச்சம். வளைவுல இத நம்பவே நம்பாதீங்க, ஹேண்டில் திரும்பினா அதுவும் கூடவே திரும்பி வேலிய காட்டும். ராத்திரி பின்னாடி வர்ற ஹெட்லைட் நேரா கண்ணுல அடிச்சா கொஞ்சம் கீழ சாச்சு விட்டுருவேன், வெளிச்சம் பெருசாகுதான்னு தெரிஞ்சா போதும்.

உடைஞ்சதும் நடந்துச்சு, மாட்டின மூணாவது நாளே. பழக்க தோஷத்துல வலது பக்கமா செவத்துல சாச்சு வச்சேன், சைக்கிளோட மொத்த கனமும் கண்ணாடி மேல. உள்ள இருந்தது நெசக் கண்ணாடி, சிலந்தி வல மாதிரி விரிசல். அடுத்து வாங்கினது பிளாஸ்டிக்ல பூச்சு போட்டது, உடையாது ஆனா கீறும், தூசியோட துணியால தேய்க்காம தண்ணி ஊத்தி கழுவணும். இடுக்கான கேட்டுக்குள்ள போறப்பவும் ஹேண்டில் ஒரு கை அகலம் கூடிருச்சுன்னு ஞாபகம் இருக்கணும், முதல் வாரம் ரெண்டு தடவ இடிச்சேன்.

ஒரு மாசம் ஓட்டினா போல்ட் லேசா தளரும், அதிர்வுக்கு தளராதது எதுவும் இல்ல. அதனால சரியான கோணத்துல வச்சு முடிச்சதும் போல்ட்டுலயும் கண்ணாடியோட கைலயும் சேத்து நெயில் பாலிஷ்ல ஒரு கோடு இழுத்து வச்சேன், கோடு விலகியிருந்தா சுத்தியிருக்குன்னு அர்த்தம், அலன் கீ போட்டு பழைய கோட்டுக்கே கொண்டு வந்துரலாம். சிவப்பு கோடு. பாட்டில் பொண்ணோடது, அவ இன்னும் கவனிக்கல.