மாவுக்கு எத்தனை கிலோ?

தஞ்சாவூர்ப் பக்கம் நெல் விவசாயிகளோடு உர மேலாண்மை வேலை பார்க்கிறேன். உரத்தை அளவாகப் போட எந்தக் கருவி நல்லது என்று யாராவது கேட்டால், உரம் எவ்வளவு போடுவது என்பதை எங்கே, எப்போது முடிவு செய்கிறீர்கள் என்று முதலில் விசாரிப்பேன். பெரும்பாலும் அது உரக்கடையில், கடன் நோட்டில் கணக்கு எழுதும்போது முடிவாகிறது. இல்லையென்றால் பக்கத்து வயல்காரர் யூரியா வீசுவதைப் பார்த்ததும், நம் பயிர் மட்டும் வெளிறித் தெரிகிறதே என்று மனசு கேட்காமல் ஒரு மூட்டை கூடுதலாக இறங்கிவிடுகிறது. அந்த நேரத்துக்குக் கைகொடுக்கிற கருவிதான் அவருக்கு நல்ல கருவி.

மண் பரிசோதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மண் வள அட்டைத் திட்டம் 2015இல் வந்த பிறகு நிறையப் பேர் வீட்டில் அட்டை இருக்கிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம் என்று அதில் வந்திருந்தால், அந்தச் சத்துக்காகப் போடும் டிஏபி உரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அந்தக் காசு மிச்சம். ஆனால் அதில் எல்லாம் ஹெக்டேர் கணக்கு. இங்கே பேச்சு மா, குழிக் கணக்கில். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதனால் பேனாவை எடுத்து, அட்டையின் பின்பக்கம் மாவுக்கு யூரியா இத்தனை கிலோ, பொட்டாஷ் இத்தனை கிலோ என்று எழுதிக் கொடுப்பேன். அப்புறம்தான் அது உரக்கடைக்குப் போகும். மாதிரி எடுக்கிற விதமும் சரியாக இருக்க வேண்டும்: வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் எல்லாம் விட்டுவிட்டு, நெல் வயல் என்றால் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி எடுக்க வேண்டும். உரச்சாக்கில் அள்ளிப்போட்ட மண்ணைச் சோதித்துப் பயனில்லை.

அந்த அட்டை நடவுக்கு முன் வேலை செய்யும். நட்டு ஒரு மாதம் கழித்து, இன்று மேலுரம் போடலாமா வேண்டாமா என்று வரப்பில் நிற்கிறவருக்கு அதில் பதில் கிடையாது. அங்கேதான் இலை வண்ண அட்டை. கையகலப் பிளாஸ்டிக் பட்டை, வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாக எண் போட்ட நிறங்கள், அவ்வளவுதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி நட்ட 14ஆம் நாளிலிருந்து கதிர் வரும்வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், வயலில் பத்து இடத்தில் பார்க்க வேண்டும். மேலிருந்து மூன்றாவதாக, முழுதாக விரிந்த இலையைப் பறிக்காமல் அட்டைமேல் வைத்து, வெயில் நேராக விழாதபடி நம் உடம்பாலேயே நிழல் கொடுத்து நிறம் பார்க்கிறோம். வெள்ளைப் பொன்னிக்கு எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு அதற்குக் கீழே இருந்தால் குறுவையில் ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) போட வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால், கணக்குப் போட்டுப் பார்த்தால் மாவுக்கு ஏறக்குறைய பத்து கிலோ யூரியா. ஆறு தேறவில்லையா, அந்த வாரம் உரமே வேண்டாம்.

கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். "தம்பி, ஊரே போடுது, நான் மட்டும் போடாம நின்னா பயிர் போயிடாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அந்தப் பயம் நியாயமானது. 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கும்போது, போடாமல் இருப்பதுதான் ஆபத்து என்று தோன்றும். ஒரு மூலையில் அரை மா மட்டும் அட்டை சொல்கிறபடி விட்டுப் பாருங்கள் என்றேன், ஒத்துக்கொண்டார். வாரம் தவறாமல் அவரே இலையைப் பிடித்துப் பார்த்து, எண்ணைச் சத்தமாகச் சொல்ல, பேத்தி நோட்டில் எழுதினாள். தழைச்சத்து மிஞ்சினால் புகையான் பூச்சியும் குலைநோயும் வரும், வெள்ளைப் பொன்னி சாய்ந்துவிடும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எந்த நாளில் கையை நிறுத்துவது என்பதற்குத்தான் ஒரு பிடிமானம் தேவைப்பட்டது.

பச்சையத்தை எண்ணாகக் காட்டும் மின்னணு மீட்டர் ஆராய்ச்சிப் பண்ணைக்குச் சரி. அந்த விலையைக் கொடுத்து மூன்று ஏக்கர்காரர் வாங்க வேண்டியதில்லை. வாழை போட்டுச் சொட்டுநீர் வைத்திருப்பவருக்கு வேறு கதை: பாசன நீரோடு உரக்கரைசலை உறிஞ்சிக் கலக்கும் வென்சுரி குழாய் ஒன்றைப் பொருத்திக்கொண்டு உரத்தைக் கரைத்துச் சிறுகச் சிறுக விடுங்கள் என்பேன்.

வண்ண அட்டைக்கும் எல்லை உண்டு. மஞ்சளாகத் தெரிவதெல்லாம் தழைச்சத்துக் குறை இல்லை. நட்ட சில வாரத்தில் கீழ் இலைகளில் துருப்புள்ளி வந்தால் துத்தநாகத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் பயிர் மஞ்சளித்தால் முதலில் வடிகாலை வெட்ட வேண்டும், உர மூட்டையைப் பிரிக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் அட்டையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வருவது எனக்குச் சம்மதமில்லை.

குத்தகைக்காரர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதையும் இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன். எங்கள் பக்கம் பல வயல்களில் மண் வள அட்டை நில உரிமையாளர் பெயரில், அவர் வீட்டில் இருக்கிறது. உரக்கடன் குத்தகைக்காரர் பெயரில் இருக்கிறது. அவரிடம் வண்ண அட்டையை முதலில் கொடுக்கிறேன். மண் முடிவை உரிமையாளரிடம் கேட்டு வாங்கி, மாவுக் கணக்கில் எழுதி, அடுத்த நடவுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.