எண்டோதீலியத்தில் போன வைவா, எண்டோதீலியத்தில் வந்த பாஸ்

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. அனாடமி பாஸ். சப்ளிமெண்டரி எழுதியவர்களுக்குத்தான் இந்த நிம்மதி புரியும்.

முதல் தடவை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எம்பிரியாலஜி, அதாவது கருவளர்ச்சி மேசையில் கேட்டது ஒரே கேள்வி: "எண்டோதீலியம் எந்த ஜெர்ம் லேயர்?" இரத்தக் குழாயின் உள்பூச்சுதான் எண்டோதீலியம்; அது கருவின் மூன்று ஆரம்ப அடுக்குகளில் எதிலிருந்து வருகிறது என்று கேட்கிறார். பெயரில் 'எண்டோ' இருக்கிறதே என்று உள் அடுக்கான எண்டோடெர்ம் என்றேன். மேடம் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மாடலைக் கையில் எடுத்தார். அதற்கப்புறம் தெரிந்த பதிலும் வாயில் வரவில்லை.

விடை மீசோடெர்ம், நடு அடுக்கு. அதோடு நிறுத்தாதீர்கள். கரு வளர்ச்சியின் மூன்றாவது வாரத்தில் யோக் சாக் (கருவோடு ஒட்டிய பை) சுவரின் மீசோடெர்மில் செல்கள் திட்டுத்திட்டாகச் சேரும்; அவைதான் பிளட் ஐலண்ட்ஸ். ஓரத்துச் செல்கள் தட்டையாகி எண்டோதீலியம் ஆகும், நடுவில் இருப்பவை இரத்தச் செல்கள் ஆகும். கருவுக்குள்ளே லேட்டரல் பிளேட் (பக்கவாட்டு) மீசோடெர்மின் ஆஞ்சியோபிளாஸ்ட்கள், அதாவது எண்டோதீலியத்தின் முன்னோடிச் செல்கள், கூடி டார்சல் அயோர்ட்டாவை (முதுகுப்பக்கப் பெருந்தமனியை) கட்டும். இப்படிக் குழாய் புதிதாக உருவாவது வாஸ்குலோஜெனிசிஸ். இருக்கிற குழாயிலிருந்து கிளை விட்டால்தான் ஆஞ்சியோஜெனிசிஸ்.

என்னைக் காப்பாற்றியது இரண்டு கலர் பென்சில். எந்தக் குழாயை வரைந்தாலும் உள்பூச்சுக்குச் சிவப்பு, தசைக்கு நீலம். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. அயோர்ட்டிக் ஆர்ச்சில் (பெருந்தமனி வளைவில்) தசை நியூரல் கிரெஸ்ட் (எக்டோடெர்ம் என்ற வெளி அடுக்கிலிருந்து வரும் செல்கள்), உள்பூச்சு மீசோடெர்ம். இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். மனப்பாடத்தை நம்பாதீர்கள், வரையுங்கள்.

கடைசி நாளில் புரட்ட:
- கரோனரி (இதயத்துக்கே இரத்தம் தரும் குழாய்): உள்பூச்சு சைனஸ் வீனோசஸ் (கரு இதயத்தின் சிரைப்பக்க அறை), எண்டோகார்டியம் (இதய உள்பூச்சு) இவற்றிலிருந்து, தசை புரோஎபிகார்டியத்திலிருந்து (இதய வெளியுறையைத் தரும் செல்திரள்)
- நிணநீர்க் குழாய்: பெரும்பாலும் சிரையின் எண்டோதீலியத்திலிருந்து, இயக்கும் ஜீன் பிராக்ஸ்1
- டார்சல் அயோர்ட்டாவின் அடித்தளத்து எண்டோதீலியத்திலிருந்தே இரத்த ஸ்டெம் செல்கள் பிரிந்து வரும். இதை எழுதாமல் விடாதீர்கள்

இந்தத் தடவை மேசையில் இருந்தவர் வேறு ஒரு சார். மீசோடெர்ம் என்றதும், "அது எப்படித் தெரியும்?" என்றார். பிரெஞ்சுக் கருவியலாளர் நிக்கோல் லெ துவாரெனின் காடை-கோழி முறையைச் சொன்னேன். காடைச் செல்லின் நியூக்ளியஸில் அடர்ந்த ஒரு புள்ளி தெரியும், கோழிச் செல்லில் அப்படித் தெரியாது. அதனால் காடையின் சோமைட்டை (முதுகோரத்து மீசோடெர்ம் கட்டியை) கோழிக்கருவில் ஒட்டினால், அதன் செல்கள் இறக்கைக்குள் போய்க் குழாயின் உள்பூச்சாக நிற்பதை ஸ்லைடில் நேராகப் பார்க்கலாம். பேப்பரை என் பக்கம் தள்ளி, "வரைந்து காட்டு" என்றார். பையில் சிவப்புப் பென்சில் இருந்தது.